பறக்குற கப்பல் எல்லாம் சரி, அத யாரு கழுவுறா? (ஓடிடி சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸி பேச்சு)

நாகலூர்க்காரன்:
ரெண்டு மூணு வருசமா ஓடிடில வர்ற சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸி எது வந்தாலும் எஸ்டேட்டு வேல முடிஞ்சதும் ராத்திரி உக்காந்து பாத்துட்டு இருக்கேன், அதுல எது மனசுல நிக்குது எது மறுநாளே போயிடுதுனு யோசிச்சா எனக்கு ஒரே ஒரு வித்தியாசம் தான் தெரியுது. நிக்கிற கதையில யாராச்சும் வேலைக்குப் போறாங்க. அவ்ளோதான். உலகத்தக் காப்பாத்துற வேல இல்லீங்க, காலைல எந்திரிச்சுப் போயி கை அழுக்காகுற வேல.

ஆப்பிள் டிவில வர்ற சைலோ சீரிஸ எடுத்துக்கங்க. பூமிக்கு அடில 144 மாடி, பத்தாயிரம் பேரு, லிஃப்டு கிடையாது, நடுவுல சுத்திச் சுத்திப் போற படிக்கட்டு மட்டும் தான். மேல இருக்கறவன் மேலயே இருக்கான், அடில ஜெனரேட்டர் ஓட்டுறவன் அடிலயே கிடக்கான், சாமான் செட்ட ஏத்தி இறக்குறதுக்குன்னே சுமக்குற ஆளுங்க தனியா இருக்காங்க. அந்தப் படிக்கட்ட காட்டுனாலே போதும், அந்த ஊர்ல யாருக்கு அதிகாரம் யாருக்கு முட்டி வலினு நமக்கே தெரிஞ்சு போகுது, யாரும் நின்னு வெளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

இதுக்கு நேர் எதிர்னா 2025 மார்ச்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த தி எலக்ட்ரிக் ஸ்டேட். 30 கோடி டாலருக்கு மேல செலவுன்னு பேசிக்கிட்டாங்க. கதையோட அடிப்படை என்னன்னா வேலைக்காரங்களா வச்சிருந்த ரோபோங்க உரிம கேட்டு எந்திரிச்சு சண்ட போட்டு தோத்துப் போச்சுங்க. எவ்ளோ பெரிய விஷயம்! அத ஆரம்பத்துலயே பழைய நியூஸ் ரீல் கணக்கா ஓட்டி முடிச்சுட்டு, மிச்சப் படம் பூரா ஒரு பொண்ணும் ஒரு கடத்தல்காரனும் பாலைவனத்துல சுத்திட்டு இருக்காங்க. எடுக்க வேண்டிய படத்த முன்னுரையில வச்சுட்டாங்க.

உங்களுக்கு எப்டி தோணுது. திட்டறதா இருந்தாலும் திட்டுங்க.

அஞ்சுரோடு பங்கு:
அண்ணா காலைல எட்டு மணிக்கு நானே வேலைக்குப் போறேன், ராத்திரி வந்து டிவிலயும் ஒருத்தன் டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போறதப் பாக்கணுமா? ஹாஹா. எனக்கு பிரம்மாண்டம் வேணும். கல்கி 2898 ஏடி தியேட்டர்லயும் பாத்தேன், ப்ரைம்ல தமிழ்ல வந்தப்பவும் பாத்தேன், அஸ்வத்தாமா வேஷத்துல அமிதாப் எந்திரிச்சு நிக்கறப்ப எனக்கு புல்லரிச்சுது, அதுக்கு அப்புறம் அந்த ஊர்ல கக்கூஸ் யாரு கழுவுறானு நான் ஏன் யோசிக்கணும்.

நாகலூர்க்காரன்:
தம்பி கல்கி பாத்தப்ப எனக்கும் புல்லரிச்சுது, நான் இல்லைங்கல. ஆனா அந்தப் படத்துலயே கேள்விக்கு எடம் இருக்குல்ல. காசி தான் கடைசி ஊரு, எல்லாரும் காஞ்சு போயி கிடக்காங்க, மேல தலைகீழா காம்ப்ளக்ஸ் தொங்குது, அதுக்குள்ள போறதுக்கு யூனிட்டு சேக்கணும், பத்து லட்சம் யூனிட்டு. சரி, அந்த யூனிட்ட சாதாரண ஆளு எப்டி சம்பாதிக்கிறான்? ஹீரோ தலைக்கு விலை வச்ச ஆளப் புடிச்சுக் குடுத்து சம்பாதிக்கறான். மத்தவன்? மூணு மணி நேரப் படத்துல இதுக்கு அஞ்சு நிமிசம் குடுத்திருந்தா காசி ஒரு ஊரா இருந்திருக்கும், இப்ப அது ஒரு செட்டா இருக்கு. அந்தப் படத்துல எனக்கு ஊரா தெரிஞ்சது ஹீரோ ஓட்டுற புஜ்ஜி வண்டி மட்டும் தான்.

அஞ்சுரோடு பங்கு:
புஜ்ஜிக்கு மட்டும் எப்டிண்ணா ஊர் வந்துச்சு, அது வண்டி!

ஷிஃப்ட் பி:
ஏன்னா அது நெசமாவே ஓடுற வண்டி. கோயமுத்தூர்ல ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் மஹிந்திராவும் சேந்து செஞ்சது, எடை மட்டும் 6 டன்னு. டயரு ரோட்ட அமுக்குறது கண்ணுக்குத் தெரியும், அந்த வெயிட்ட கம்ப்யூட்டர்ல கொண்டு வர்றது லேசு இல்ல.

நாகலூர்க்காரர் சொன்ன சைலோ பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நான் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், எம் பையன் தான் போட்டுக் காட்டுனான், மூணாவது எபிசோடு, மெஷின்ஸ்னு பேரு. ஜெனரேட்டர் பிளேடு வளைஞ்சு போச்சு, மொத்த ஊருக்கும் அது ஒண்ணு தான், நிறுத்தாம ரிப்பேர் பாக்க முடியாது, நிறுத்துனா நீராவி தேங்கி வெடிச்சுரும், இதுக்கு நடுவுல கொஞ்ச நேரந்தான் கைல இருக்கு. மெக்கானிக் ஜூலியட் ஓசு பைப்ப எடுத்துட்டுப் போயி அந்த நீராவி அறை மேல தண்ணி அடிக்கிறா. ஒரு விஷயம் சொல்றேன், நெஜத்துல அவ்ளோ சூடான இரும்பு மேல பச்சத் தண்ணி அடிச்சா விரிசல் விட்டுரும், எந்த ஃபோர்மேனும் விட மாட்டான். ஆனா அத விடுங்க. அந்த சத்தத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் கத்திப் பேசறாங்க பாருங்க, சின்னப் பையன் கை நடுங்கறான், பெரிய ஆளு திட்டிக்கிட்டே அவனுக்கு இடம் விடறாரு, எல்லாம் முடிஞ்சு மெஷின் சத்தம் சீரானதும் யாரும் பேசாம அங்கங்க உக்காந்துக்கறாங்க. ஷட்டவுன் வேல பாத்தவனுக்குத் தெரியும் அந்த உக்கார்றது என்னனு. எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதும், மிச்ச மர்மம் எல்லாம் எனக்கு அப்புறம் தான்.

மல்கோவா:
சார் சூப்பர், இத வச்சே நான் அந்த எபிசோடு திரும்பப் பாக்கப் போறேன்.

ஆனா நாகலூர் அண்ணா, உங்க விதிக்கு சைலோ எல்லாம் ஈசியான உதாரணம். செவரன்ஸ் சீரிஸ எடுத்துக்கங்களேன், அது முழுக்க முழுக்க ஆபீஸ். நான் வீட்ல இருந்து பெங்களூரு கம்பெனிக்கு வேல பாக்கறவ, சேலம் அஸ்தம்பட்டில மாடி ரூம்ல உக்காந்து காலைல லாகின் பண்ணா ராத்திரி எந்திரிப்பேன், அதனால இது எனக்கு ஃபேன்டஸியே இல்ல. மூளைல ஆபரேசன் பண்ணி ஆபீஸ் ஞாபகம் தனி, வீட்டு ஞாபகம் தனினு பிரிச்சுடறாங்க. ஆபீஸ்ல இருக்கறவளுக்கு வெளி உலகமே தெரியாது, லிஃப்ட்ல கண்ண மூடித் தொறந்தா அடுத்த நாள் வேல. தூக்கமே கிடையாது அவளுக்கு, யோசிச்சுப் பாருங்க. அவங்க பாக்குற வேல என்னன்னா ஸ்க்ரீன்ல நம்பர் ஓடும், எந்த நம்பரப் பாத்தா பயமா இருக்கோ அத புடிச்சு டப்பாவுல போடணும். எதுக்குனு யாருக்கும் தெரியாது. டார்கெட் முடிச்சா வாஃபிள் பார்ட்டி. எங்க டீம்ல போன குவார்ட்டர் டார்கெட் முடிச்சதுக்கு பீட்சா குடுத்தாங்க, நானும் கைதட்டுனேன்.

2022 பிப்ரவரில மொத சீசன், அடுத்தது 2025 ஜனவரில தான். மூணு வருசம் காத்திருக்க வச்சதுக்கு கோபம் தான், ஆனா ரெண்டாவது சீசன் கடைசில அந்த பேண்டு வாத்தியக் குரூப் உள்ள வந்து மார்ச் பாஸ்ட் பண்ணுது பாருங்க, அங்க மன்னிச்சுட்டேன்.

அஞ்சுரோடு பங்கு:
அக்கா நீங்க சொல்றது கேட்டா சீரிஸ் மாதிரி தெரியல, ஹெச்சார்ல கம்ப்ளெயின்ட் எழுதுன மாதிரி தெரியுது.

மல்கோவா:
ரெண்டும் ஒண்ணு தான் பங்கு. உனக்குன்னே ஒண்ணு இருக்கு, மர்டர்பாட். 2025 மே மாசம் ஆப்பிள்ல வந்தது, பத்தே எபிசோடு, ஒவ்வொண்ணும் டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுரும். காவலுக்கு வாடகைக்கு விடுற ஒரு ரோபோ, தன்ன அடக்கி வச்சிருக்கற பூட்ட தானே ஹேக் பண்ணி ஒடச்சுடுது. இனிமே யாரயும் கொல்லலாம், எங்க வேணா போலாம். அது என்ன பண்ணுது தெரியுமா, வேல பாக்குற மாதிரி நடிச்சுக்கிட்டே உள்ளுக்குள்ள சீரியல் ஓட்டிப் பாக்குது. ஆயிரக்கணக்கான மணி நேரம். வேலைக்கும் போவுது, வேலையும் பாக்க மாட்டேங்குது. உங்க ரெண்டு கட்சிக்கும் பொதுவான ஆளு.

அஞ்சுரோடு பங்கு:
அட இது நான் தானே. பேரு குறிச்சுக்கிட்டேன்.

அம்மாபேட்டை நூல்:
ஸ்டார் வார்ஸ் உலகத்துல நடக்குற ஆண்டோர் சீரிஸ் பத்தி யாரும் பேசலையா. மொத சீசன்ல நார்கினா ஜெயில் இருக்கு. ஒரு ஹால்ல ஏழு மேசை, மேசைக்கு ஏழு பேரு, மொத்தம் 49 பேரு, 12 மணி நேர ஷிஃப்டு, என்னமோ ஒரு பார்ட்ட மாட்டிக்கிட்டே இருக்கணும், காலுல செருப்பு கிடையாது ஏன்னா தரையிலயே கரண்டு. கடைசில வந்த மேசைக்கு ஷாக்கு, மொதல்ல வந்த மேசைக்கு அன்னிக்கு சாப்பாட்டுல ருசி. ருசிங்க, வேற ஒண்ணும் இல்ல! ஜெயிலருங்களே கண்ணுல பட மாட்டாங்க, அவனுங்களே ஒருத்தன ஒருத்தன் வெரட்டிக்கிறானுங்க. கீனோ லாய்னு ஒரு ஆளு, அவனும் கைதி தான், ஆனா மேஸ்திரி. தன் தண்டன நாளு கொறஞ்சுக்கிட்டே வருதுனு நம்பிக்கிட்டு மத்தவன முறுக்குறான். விடுதலை ஆனவன வெளில அனுப்பல, வேற மாடிக்குத் தான் மாத்தறாங்கனு தெரிஞ்சதும் அந்த ஆளு முகம் மாறுது பாருங்க. அந்த மாறுதலுக்காகவே நான் மூணு தடவ... சரி பல தடவ பாத்துட்டேன்.

ரெண்டாவது சீசன் 2025 ஏப்ரல்ல ஜியோஹாட்ஸ்டார்ல வந்துச்சு. அதுல கோர்மன்னு ஒரு கிரகம், சிலந்தி நூல்ல துணி நெய்யறவங்க ஊரு. எங்க வீட்ல நாலு தலமுறையா தறி, எங்க தெருவுல வெண்பட்டு வேட்டி ஓடாத வீடு கம்மி, அதனால நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். அந்த ஊருக்கு அடில ஒரு தாது கிடக்கு, கால்கைட்டுனு பேரு, பேரரசுக்கு அது வேணும், கிரகத்தயே ஒடைக்கற டெத் ஸ்டார் ஆயுதத்தோட ரியாக்டர் லென்சுக்கு மேல பூசறதுக்கு. தோண்டுனா ஊரே போயிடும். அதனால மொதல்ல என்ன பண்றாங்கனா ஆளு வச்சு அந்த ஊர்க்காரங்க திமிர் புடிச்சவங்க திமிர் புடிச்சவங்கனு உலகம் பூரா பரப்புறாங்க, நாளைக்கு அடிச்சா யாரும் கேக்கக் கூடாதுல்ல. சீசன் ஆரம்பத்துலயே மீட்டிங் போட்டு உக்காந்து பேசறானுங்க, டீ பிஸ்கட் இல்லாத கொறை தான். அந்த அடி விழற எட்டாவது எபிசோடு பாத்துட்டு எங்கப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஒரே ஒரு கொறை. கடையக் காட்டறாங்க, துணியக் காட்டறாங்க, சிலந்தியக் காட்டறாங்க, ஒருத்தன் தறில உக்காந்து நெய்யறத நின்னு காட்டுனதா எனக்கு ஞாபகம் இல்ல. அத மட்டும் காட்டியிருந்தா எங்கப்பா அதுக்கும் தப்பு கண்டுபுடிச்சிருப்பாரு, அது வேற.

ஷிஃப்ட் பி:
நம்ம சேலத்துலயும் அதே கதை தான் தம்பி ஒரு பக்கம். ஜங்ஷன் தாண்டிப் போனா வெள்ளக்கல்லு மலைய சுரண்டி வச்சிருக்கறது தெரியும்ல, மேக்னசைட்டு, அது எதுக்குப் போகுதுனு நெனைக்கறீங்க, சுட்டு செங்கல்லாக்கி எஃகு உலைக்கு உள்பக்கம் அடுக்கறதுக்கு. கால்கைட்டுனு அவங்க சொன்னப்ப எம் பையன் என்னத் திரும்பிப் பாத்தான், நான் ஒண்ணும் சொல்லல.

வகுப்பறை ஒளியாண்டு:
இங்க எல்லாரும் ஒரே பக்கம் பேசறீங்க, நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசறேன். ஸ்கூல்ல பிசிக்ஸ் நடத்தறவன். சயின்ஸ் ஃபிக்ஷன்ல முக்கியம் அந்த ஐடியா. யாரு வேலைக்குப் போறா வர்றானு பாத்தா குடும்பக் கதைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 3 பாடி ப்ராப்ளம் 2024 மார்ச்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு, எட்டு எபிசோடு. அதுல யாரு எங்க வேல பாக்கறாங்கனு எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா மூணு சூரியன் இருக்கற உலகம் ஞாபகம் இருக்கு. ரெண்டு பொருள் ஒண்ண ஒண்ணு ஈர்த்துச் சுத்துனா அடுத்த லட்சம் வருசத்துக்கும் கணக்கு போட்டு சொல்லிறலாம், மூணாவது ஒண்ணு சேந்துட்டா பொதுவான சூத்திரம்னு ஒண்ணு கிடையாது. ஆரம்பத்துல துளி மாத்தம் இருந்தா பின்னாடி எல்லாம் தலைகீழா போகும். பசங்களுக்கு பிளாக்போர்டுல இத நான் எவ்ளோ கத்தியும் ஏறல, சீரிஸ்ல அந்த விளையாட்டு உலகத்துல ஜனங்க ஒடம்புல ஈரத்த வடிச்சு சுருட்டி வச்சுக்கறதப் பாத்துட்டு வந்து ஒரு பையன் கேள்வி மேல கேள்வி கேட்டான்.

ஒரு திருத்தம் மட்டும் நானே சொல்றேன், அந்த மூணு சூரியன் தான் ஆல்ஃபா சென்டாரிங்கற நட்சத்திரக் கூட்டம், அவங்க காட்டுற அளவுக்கு நிஜத்துல அது பைத்தியக்காரத்தனமா இல்ல. பெரிய நட்சத்திரம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு சுமார் 80 வருசத்துல சுத்தி வருது, மூணாவது ப்ராக்ஸிமா ரொம்பத் தள்ளி, ஒரு சுத்துக்கு 5 லட்சம் வருசத்துக்கு மேல ஆகும். அதனால மூணும் முட்டிக்கறதுக்கு வாய்ப்பு கம்மி. ஆனா தூரம் நாலு ஒளியாண்டு சொச்சம், அங்க இருக்கறவங்க பூமிக்கு வந்து சேர 400 வருசம்னு சொல்றாங்கல்ல, அது வெளிச்சத்தோட வேகத்துல நூத்துல ஒரு பங்கு, அந்தக் கணக்கு ஒழுங்கா இருக்கு. அந்த 400 தான் எனக்குப் புடிச்ச விஷயமே. எதிரி வர்றான், ஆனா நம்ம பேரனோட பேரன் காலத்துல தான் வருவான், அதுக்கு இன்னிக்கு வரி கட்டுவியானு கேக்குது.

நாகலூர்க்காரன்:
சார் நீங்க எனக்கு எதிரா பேசலாம்னு வந்து எனக்கு பாயின்ட் குடுத்துட்டீங்க. இன்னிக்கு வரி கட்டுவியா, இன்னிக்கு யாரு உழைப்பானு கேக்கறது தானே நான் சொன்னது. அந்த சீரிஸ்ல எனக்கு மனசுல நின்னது யே வென்ஜியே தான், மலை மேல ராணுவத்து ரேடியோ ஸ்டேசன்ல டூட்டி பாத்துட்டு இருக்கா, அப்பாவ கண்ணு முன்னாடி கூட்டம் அடிச்சுக் கொன்னுருக்கு, ஒரு நாள் டூட்டில இருக்கறப்ப வேற்றுலகத்துல இருந்து பதில் வருது, திருப்பி அனுப்பாதீங்கனு எச்சரிக்க வருது, இவ பட்டன அழுத்திடறா. லண்டன்ல சுத்துற அஞ்சு நண்பருங்க எபிசோடு எல்லாம் எனக்கு ஒட்டவே இல்ல, அத்தன பேரும் அழகா இருந்துக்கிட்டு சோகமா பாக்கறாங்க.

வகுப்பறை ஒளியாண்டு:
அந்த அஞ்சு பேர் விஷயத்துல ஒத்துக்கறேன். சீனாக்காரங்களே 2023ல 30 எபிசோடா எடுத்தாங்க, பொறுமை இருந்தா அதப் பாருங்க, நிதானமா போகும். பனாமா கால்வாய்ல கப்பல நானோ இழைல அறுக்கற காட்சி ரெண்டுலயும் இருக்கு, நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது தான் எனக்கு தூக்கம் கெடுத்தது.

குகை வண்டி:
நான் படிக்காதவன் கணக்கா ஒண்ணு சொல்றேன். எங்க குகைல ஆடித் திருவிழாவுக்கு வண்டி வேடிக்கை நடக்கும், பாத்திருப்பீங்க. வண்டி மேல செட்டு போட்டு, லைட்டு போட்டு, நம்ம பக்கத்து வீட்டுக்காரன் சிவனா நிப்பான், எதிர் வீட்டுக்காரன் மகிசாசுரனா நிப்பான். அட்டை தான், தெர்மாகோல் தான், எல்லாருக்கும் தெரியும், இருந்தும் கூட்டம் கும்புடுது. அங்க நின்னு அந்த சிவன் என்ன வேல பாக்கறானு எவனும் கேக்கல. ஃபேன்டஸின்னா எனக்கு அது. கண்ணு விரியணும் மொதல்ல.

அதனால எனக்குப் புடிச்சது லோகா. 2025 ஓணத்துக்கு வந்து, அக்டோபர் கடைசில ஹாட்ஸ்டார்ல போட்டாங்க. கள்ளியங்காட்டு நீலி கதை நம்மாளுங்களுக்கும் தெரிஞ்ச கதை தான், நம்ம பக்கம் பழையனூர் நீலி இருக்காளே. அந்த யட்சிய தூக்கிக் கொண்டு வந்து பெங்களூர்ல வாடக வீட்ல வச்சுட்டாங்க. மூணு நூறு கோடி வசூல் பண்ண மொத மலையாளப் படம். சாண்டி மாஸ்டர் போலீசா வந்து மிரட்டுறாரு, டான்ஸ் ஆடிட்டு இருந்த மனுசனா இதுன்னு இருக்கும்.

மல்கோவா:
குகை அண்ணா, அந்த யட்சி நைட் ஷிஃப்ட்டுக்கு போறா, கஃபேல. மறந்துட்டீங்களா? ரத்தம் குடிக்கறவளுக்கு பகல்ல வெயில் ஆகாது, அதனால ராத்திரி வேல. நாகலூர் அண்ணா விதி அங்கயும் செல்லுது.

குகை வண்டி:
அடப்பாவமே.

நாகலூர்க்காரன்:
நான் ஒண்ணும் சொல்லல, அவங்களே சொல்லிட்டாங்க. ஆனா குகை அண்ணன் சொன்ன கண்ணு விரியறது பத்தி எனக்கும் கொஞ்சம் இருக்கு. பிரமயுகம் சோனிலிவ்ல பாத்தீங்களா, 2024. கறுப்பு வெள்ள, இடிஞ்ச ஒரு மனை, நடமாடறது மூணே பேரு, மம்முட்டி கொடுமன் போற்றியா உக்காந்துக்கிட்டு இருக்காரு. மந்திரம் மாயம்னு பெருசா ஒண்ணும் காட்டவே இல்ல, ஆனா அந்த வீட்டுல ஒருத்தன் சமைக்கறான், வந்து மாட்டுன பாணன் பாட்டு பாடிட்டு இருந்தவன் வேலைக்காரனாயிட்டான், போற்றி சாப்புடறதப் பாக்கறப்ப எனக்கு வயித்தப் பொரட்டுச்சு. எஜமான் மாறுறான், வேலைக்காரன் மாறல, அது தான் அங்க பேய். மழக்காலத்துல மலைல கரண்டு போன ராத்திரி லேப்டாப் சார்ஜுல பாத்துத் தொலச்சேன்.

மாடர்ன் வளைவு:
வயசுல பெரியவன் ஒரு தகவல் சொல்றேன். நீங்க எல்லாம் வெளிநாட்டு சரக்கப் பத்திப் பேசறீங்க, சேலத்துலயே 1952ல மாமத், அதான் பழங்காலத்து சடை யானை, அத வச்சுப் படம் எடுத்திருக்காங்க. தி ஜங்கிள்னு பேரு, மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்காக்காரங்களோட சேந்து எடுத்தது, ராட் கேமரூன், சீசர் ரொமேரோ எல்லாம் நடிச்சாங்க. காட்டு யானைங்க ஊருக்குள்ள பூந்து அட்டகாசம் பண்ணுது, ஏன்னு தேடிப் போனா காட்டுக்குள்ள அழிஞ்சு போச்சுனு நெனச்ச மாமத் கூட்டம் இருக்கு. யானைக்கு மேல சடைமயிர் போத்தி நிக்க வச்சாங்க. சிரிப்பா தான் இருக்கும், ஆனா உள்ள நிக்கறது நெஜ யானை.

ஏற்காடு ரோட்டுல அந்த ஸ்டுடியோவோட வாசல் வளைவு இன்னும் நிக்குது. டி.ஆர்.சுந்தரம் அந்த ஸ்டுடியோவ ஒரு மில்லு கணக்கா நடத்துனாருனு தான் சொல்லுவாங்க, கலைஞர், கண்ணதாசன் எல்லாம் மாசச் சம்பளத்துக்கு இருந்த இடம், நூத்துக்கு மேல படம். 1956ல அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழ்ல மொத முழு நீளக் கலர் படம், அதுவும் மாயக் குகைக் கதை தான். திரையில யாரு வேல பாக்கறானு பேசறீங்க, திரைக்குப் பின்னாடி யாரு பாத்தானு யாராச்சும் பேசுங்க. இன்னொண்ணு, 1963ல கலை அரசி, அது வேற கம்பெனி. வேற கிரகத்துக்காரன் பறக்கும் தட்டுல வந்து பானுமதியத் தூக்கிட்டுப் போறான், எதுக்கு, அவங்க ஊர்ல விஞ்ஞானம் இருக்கு, பாட்டு டான்சு இல்லையாம். எம்ஜிஆரு போயி மீட்டுட்டு வர்றாரு.

ரோட்டோ ராத்திரி:
ஐயா திரைக்குப் பின்னாடினு சொன்னதால எழுதறேன். நான் சென்னைல விஎஃப்எக்ஸ் கம்பெனில ரோட்டோ பாத்தவன். என்ன வேலனா, படத்துல ஆளு நிப்பான், அவனுக்குப் பின்னாடி வேற உலகத்த வைக்கணும், அதுக்கு அவனோட ஓரத்த ஒவ்வொரு பிரேமுலயும் கோடு போட்டு வெட்டித் தரணும். ஒரு நொடிக்கு 24 பிரேம், அஞ்சு நொடி ஷாட்டுனா 120 தடவ அதே ஆள வெட்டணும். முடி பறந்துச்சுனா செத்தோம். வெளிநாட்டுப் பெரிய சீரிஸ் பலதுக்கும் இந்த வேல நம்ம நாட்டுல தான் நடக்குது. எந்த சீரிஸ்னு கூட சில நேரம் சொல்ல மாட்டாங்க, ஷாட் நம்பர் மட்டும் வரும். மல்கோவா அக்கா செவரன்ஸ் பத்தி சொன்னப்ப சிரிச்சுட்டேன், நம்பர வெட்டி டப்பால போட்டது நான் தான்.

இப்ப எந்தப் படம் போட்டாலும் கண்ணு நேரா முடி ஓரத்துக்குத் தான் போகுது. அயலான் பாத்தப்ப கூட, கதை சாதாரணம் தான், ஆனா அந்த ஏலியன் காலு தரைல படற இடத்துல நிழலு ஒழுங்கா இருந்துச்சு, 2024 பொங்கலுக்கு வர்றதுக்கு முன்னாடி எத்தன வருசம் அது மேல ஆளுங்க உக்காந்திருப்பாங்கனு எனக்குத் தெரியும். லைஃப் ஆஃப் பை புலிக்கு 2013ல ஆஸ்கர் குடுத்தாங்கல்ல, அத செஞ்ச ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி அதுக்குக் கொஞ்ச நாளு முன்னாடி தான் திவாலாச்சு. மேடைல அவங்க ஆளு அதப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் மியூசிக் போட்டு அனுப்பிட்டாங்க.

அதனால ப்ளூரிபஸ் சீரிஸ் கடைசில, இந்த நிகழ்ச்சி மனுசங்களால செய்யப்பட்டதுனு ஒரு வரி போடறாங்க பாருங்க, எல்லாரும் ஏஐக்கு எதிரான ஜோக்குனு ஷேர் பண்ணாங்க. நான் அந்த இடத்துல பாஸ் பண்ணி பேரு எல்லாம் படிச்சேன்.

மல்கோவா:
ப்ளூரிபஸ்! யாரும் எடுக்கலையேனு பாத்தேன். 2025 நவம்பர், ஒம்போது எபிசோடு, வின்ஸ் கில்லிகன். விண்வெளில இருந்து வந்த சிக்னல வச்சு லேப்ல ஒரு வைரஸ் செய்யறாங்க, உலகமே ஒரே மனசா ஆயிடுது, சண்டை கிடையாது, பொய் கிடையாது, எல்லாரும் சிரிச்ச மொகம். மிஞ்சினது பதிமூணு பேரு, அதுல கேரல்னு ஒரு எழுத்தாளர், எப்பவும் கடுகடுனு. ஒரு எபிசோடுல சூப்பர் மார்க்கெட்டு போறா, காலி, ஏன்னா உலகத்துக்கே சாப்பாட்ட ஒரே எடத்துல வச்சு கணக்கா பங்கிடறாங்க. எனக்கு என் கடை வேணும்னு கத்தறா. உடனே லாரி லாரியா வருது, நூத்துக்கணக்குல ஆளுங்க பேசாம அடுக்கி வச்சுட்டுப் போயிடறாங்க. வேல நடக்குது, வேலைக்காரன் இல்ல, முதலாளியும் இல்ல. இது நாகலூர் அண்ணா விதிக்கு உள்ளயா வெளியயா?

நாகலூர்க்காரன்:
அந்தக் காட்சில தாங்க எனக்கு பயமே வந்துச்சு. யாரும் முனகல. காப்பி பழம் பறிக்கறப்ப எங்க லைன்ல அக்காங்க மேஸ்திரிய திட்டாத நாளே கிடையாது, அந்தத் திட்டு இல்லாம ஒரு கூட்டம் வேல பாத்தா நான் எஸ்டேட்ட விட்டு ஓடிருவேன். பதில் உள்ளயா வெளியயானு தெரியல, ஆனா அத எழுதுனவனுக்கு வேலைனா என்னனு தெரிஞ்சிருக்கு.

அம்மாபேட்டை நூல்:
எல்லாம் சரி, தமிழ்ல ஏன் ஒண்ணும் உருப்படியா வரல? சீரிஸ்னு சொல்றேன். 2023 கடைசில ப்ரைம்ல தி வில்லேஜ் வந்துச்சு, ஆர்யா, ஆறு எபிசோடு, உருமாறுன ஜனங்க, பின்னாடி ஒரு கம்பெனியோட ஆராய்ச்சினு நல்ல கரு தான். ஆனா ரத்தமும் சதையுமா காட்டுனதுல அந்த ஊர்க்காரங்க மனுசங்களா இருந்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்கனே ஒட்டல.

வகுப்பறை ஒளியாண்டு:
படத்துல இன்று நேற்று நாளை இருக்கே, 2015. டைம் மெஷின் கைல கெடச்சதும் ரெண்டு பேரும் என்ன பண்றாங்க, கடை போடறாங்க! காணாம போன பொருள கண்டுபுடிச்சுத் தர்ற பிசினஸ். ஹிட்லரக் கொல்லலாம்னு எவனும் கெளம்பல, ஈஎம்ஐ கட்டலாம்னு கெளம்பறான். தமிழ்ல டைம் டிராவல்னா எனக்கு இன்னும் அது தான் மேல, மாநாடு, மார்க் ஆண்டனி எல்லாம் அதுக்கு அப்புறம் தான். அப்புறம் சுஜாதாவோட என் இனிய இயந்திரா. அதுல வர்ற ஜீனோங்கற ரோபோ நாய்க்குட்டிய தூர்தர்ஷன்ல பாத்தவங்க இங்க இருப்பீங்க. இன்னிக்கு இருக்கற டெக்னாலஜில எட்டு எபிசோடா எடுத்தா எப்டி இருக்கும், யாரும் தொட மாட்டேங்கறாங்க.

மாடர்ன் வளைவு:
ஜீனோவ கம்ப்யூட்டர்ல செய்ய வேணாம். நெஜ நாய வைங்க.

அஞ்சுரோடு பங்கு:
மர்டர்பாட் மூணு எபிசோடு முடிச்சுட்டேன் அக்கா, சத்தியமா நான் தான் அது. ஆனா கல்கிய விட்டுக்குடுக்க மாட்டேன். காசில ஜனங்க எப்டி சம்பாதிக்கறாங்க, எல்லாம் ரெண்டாம் பாகத்துல வரும், பொறுங்க.

மல்கோவா:
ரெண்டாம் பாகத்துல தீபிகாவே இல்லைனு தயாரிப்பு கம்பெனி 2025 செப்டம்பர்லயே சொல்லிட்டாங்க. மொத படம் பூரா அவங்க வயித்துல இருக்கற கொழந்தையச் சுத்தி தான் ஓடுச்சு, இப்ப என்ன பண்ணுவாங்களாம்?

அஞ்சுரோடு பங்கு:
வேற ஆளப் போட்டு பழைய ஷாட்டுல மூஞ்சிய மாத்திருவாங்க, ரோட்டோ அண்ணனுக்கு வேல வந்துருச்சு.

ரோட்டோ ராத்திரி:
ஆள விடுங்க, இப்ப செவ்வாப்பேட்டைல கல்யாண வீடியோ எடிட்டிங். மூஞ்சி மாத்தணும்னா நைட்டு பேட்டா தனி, சொல்லிருங்க.